பதிவேட்டில் ‘சரிபார்க்க’ என்று எழுதுவதற்கு முன்

நம் பள்ளிவாசல் பைத்துல்மால் நிதியில் பெண்கள் மேசைக்குப் புதிதாக வரும் உங்கள் மூவருக்கும் ஸலாம்.

“வேலையை ஒப்படைக்கும்போது நாலு பக்கம் எழுதிக் குடுத்துரும்மா, வர்றவுக படிச்சுக்கிருவாக” என்று செயலாளர் அண்ணன் சொன்னார். கணக்குப் போடும் முறையைத் தனித்தாளில் எழுதி வைத்துவிட்டேன். எத்தனை கிராமுக்கு மேல் ஜகாத் கடமை, நகையில் கல்லின் எடையை எப்படிக் கழிப்பது, கடைச் சரக்குக்கு எந்த நாள் விலையைப் போடுவது எல்லாம் அதில் இருக்கின்றன. மூன்று முறை சரிபார்த்தேன். நான்காவது முறையும் பார்த்திருப்பேன், குழந்தை அழுதுவிட்டாள்.

அந்தத் தாளை நீங்கள் தொலைத்தால்கூடப் பரவாயில்லை. நம் இமாம் ஹஜ்ரத்திடம் கேட்டால் இன்னொன்று எழுதிக்கொள்ளலாம். இதைத் தொலைக்காதீர்கள்.

ஏழு ரமலான் அந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். பி.காம். படித்தவள் என்பதால் கல்யாணமான மறுவருடமே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். மூத்தவளை மடியில் வைத்துக்கொண்டு நகை நிறுத்திருக்கிறேன். இளையவள் பிறந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. நாற்பது நாள் வாசல்படி தாண்டக் கூடாது. இரண்டு பிள்ளைகளோடு இனி முடியாது என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். அது பாதிதான் உண்மை. மீதியைக் கீழே எழுதுகிறேன்.

நம் வேலைக்கு இரண்டு பக்கம். நகையும் பணமும் உள்ளவர்கள் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று கணக்கிட்டுச் சொல்வது ஒன்று. அதை வாங்கத் தகுதி உள்ளவர் யார் என்று விசாரிப்பது இன்னொன்று. நடுவில் பதினொரு பவுன் ஒரு கோடாக நிற்கிறது. அதற்கு மேல் தங்கம் வைத்திருப்பவர் ஜகாத் கொடுக்க வேண்டியவர், வாங்கக் கூடாதவர்.

முதல் வேலையில் தவறு வந்தால் அழித்து எழுதலாம். இரண்டாவதில்தான் எனக்குப் பயம். தகுதியில்லாத ஒருவருக்கு என் கையெழுத்தில் போய்விட்டால், கொடுத்தவருடைய கடமை நிறைவேறாமல் போய்விடுமோ, மறுமையில் அதற்கு நானல்லவா பதில் சொல்ல வேண்டும் என்று சோறு இறங்காது. அந்தப் பயத்தை நல்ல குணம் என்றே நினைத்திருந்தேன். மற்றவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். “அந்தப் பிள்ளை கையில கொடுத்தா ஒரு ரூபா தப்பாப் போகாது” என்பது எனக்குக் கிடைத்த பெயர்.

என்னுடைய நான்காவது ரமலானில் இரண்டு பெண்கள் ஒரே வாரத்தில் என் முன்னால் வந்தார்கள்.

ஒருவர் பேப்பர் ஸ்டோர் வீட்டு அக்கா. ஊரில் பாதி அச்சாபீஸுக்கு அவர்கள் கடைக் காகிதம்தான். ஒவ்வொரு நோன்பிலும் நகைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாக நிறுத்துக் கணக்குக் கேட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறவர். அந்த வருடம் ஒரு மாங்காய் மாலை கொண்டுவந்தார். அவருடைய அம்மா போட்டிருந்தது, பாகம் பிரித்ததில் அவருக்கு வந்திருந்தது. சிவப்புக் கல் பதித்த கனமான மாலை. கல்லைக் கணக்கிடக் கண்ணருகே பிடித்துப் பார்த்தேன்.

“ஏம்மா, என்னையப் பொண்ணு பார்க்க வந்தப்போ என் மாமியா கூட இப்பிடி உத்துப் பார்க்கலையே” என்றார்.

ஒரு மாங்காயில் மட்டும் கல் உதிர்ந்து, அந்தக் குழியில் சிவப்பு அரக்கு வைத்து அடைத்திருந்தார்கள்.

“இதக் கல்லுல சேர்ப்பியா, தங்கத்துல சேர்ப்பியா?”

“இது அரக்குக்கா. ரெண்டுலயும் சேராது.”

“அப்ப அரக்குக்கு ஜகாத்து கெடையாது. அல்லா எனக்கு லேசாக்கிட்டான்” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். கல் போகப் பன்னிரண்டரைப் பவுன் என்று எழுதினேன்.

இன்னொருவர் பெயரை மாற்றி ஜெய்த்தூன் என்று சொல்கிறேன். நம்மிடம் மனுக் கொடுத்தவர்கள் பெயர் மேசையைத் தாண்டக் கூடாது, இதில்கூட. முப்பது வயது இருக்கும். பேப்பர் ஸ்டோர் தெருவுக்கு அடுத்த லைன் வீட்டில் இருந்தார். கணவர் லாரியில் பட்டாசுப் பெட்டி ஏற்றும் லோடுமேன். லோடு ஏற்றும்போது மேலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கட்டிலோடு கிடந்தார். ஜெய்த்தூன் விஸ்வநத்தம் பக்கம் ஒரு பயர் ஆபீஸுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். பட்டாசு ஆலையை இங்கே அப்படித்தான் சொல்கிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். வெளியூரிலிருந்து கல்யாணமாகி வந்த தங்கைக்காக எழுதுகிறேன்.

தையல் மெஷின் ஒன்று வேண்டும் என்பதுதான் மனு. நான் வீட்டுக்கே விசாரிக்கப் போனேன். கையாலேயே தைத்த ஒரு நைட்டியை எடுத்துக் காட்டினார். தையல் அவ்வளவு நேராக இருந்தது. அதைப் பிடித்திருந்த விரல்களின் நகக்கண்ணில் வெள்ளிநிறப் பொடி ஏறியிருந்தது. எத்தனை தேய்த்தாலும் போகாத பட்டாசு மருந்து.

“மெஷினு மட்டும் இருந்தா நான் வீட்ட விட்டு நகரவே வேண்டாம்மா. இவுகளத் திருப்பிப் படுக்க வைக்க ஆளு வேணும்ல? நான் வேலைக்குப் போயிட்டா சாயங்காலம் வரைக்கும் ஒரே பக்கமாக் கெடக்காக.”

கட்டிலிலிருந்து அவர் கணவர், “என்னையச் சாக்குச் சொல்லி மெஷினு வாங்குறா. மொதல்ல எனக்கு ஒரு சட்டை தைக்கச் சொல்லுங்க, சினிமாவுக்குப் போகணும்” என்றார்.

“ஆமா, இவுக சட்டை இல்லாமத்தான் சினிமாவுக்குப் போகாம இருக்காக.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் மனுவில் நகை என்ற இடத்தில், காதில் ஒரு கிராம் தோடு, வேறு இல்லை என்று எழுதினேன். இறுதிப் பட்டியல் பெருநாள் கழித்துத்தான் முடிவாகும். என் கையெழுத்து அதற்குத் தேவை.

பெருநாள் கழிந்து இரண்டாவது வாரம் பேப்பர் ஸ்டோர் அக்கா மகள் கல்யாணம். பெண்கள் பந்தியில் மகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தபோது எதிர் வரிசையில் ஜெய்த்தூனைப் பார்த்தேன். பட்டுச்சேலை கட்டியிருந்தார். கழுத்தில் கனமான மாலை. பத்துப் பன்னிரண்டு பவுனுக்குக் குறையாது என்று கண்ணாலேயே எடை போட்டேன். அந்த நோன்பு முழுவதும் வேறு எதைச் செய்துகொண்டிருந்தேன்? கழுத்தைப் பார்த்தால் எடைதான் தெரிந்தது. அவர் என்னைப் பார்த்துவிட்டார். சிரித்தார். சிரித்துக்கொண்டே சேலைத் தலைப்பை இழுத்து மாலையை மூடிக்கொண்டார்.

அந்த மூடல்தான் எனக்குப் போதுமாக இருந்தது.

அது கவரிங்காக இருக்கலாம் என்று நினைத்தேன். இருக்காது, அந்த மினுக்கு வேறு என்றும் நினைத்தேன். கணவர் நல்லா இருந்தபோது வாங்கியதாக இருக்கலாம். அப்படியென்றால் மனுவில் ஏன் சொல்லவில்லை? நேரில் கேட்கலாம். கேட்டு, அது கவரிங் என்றால் ஒரு மனுஷியைக் கூனிக் குறுக வைத்த பாவம் வரும். தங்கம் என்றால் பொய் சொன்னவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். இரண்டுக்கும் எனக்குத் தைரியம் இல்லை. மறுநாள் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே, நகை என்ற இடத்தில் ‘சரிபார்க்க’ என்று எழுதி மனுவைத் தனியே வைத்தேன். மற்றவர்களுக்கு மெஷின் போனது. அவருக்குப் போகவில்லை.

இந்தச் சொல்லை எழுதும்போது வரும் நிம்மதியைப் பற்றி உங்களை எச்சரிக்க வேண்டும். மறுக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை, கை சுத்தமாக இருக்கிறது என்று தோன்றும். அன்று நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

நான் சரிபார்த்தது எப்படி என்றும் சொல்லிவிடுகிறேன். அவர் லைன் வீட்டுப் பெண் ஒருத்தியைக் காய்கறிக் கடையில் பார்த்தபோது பேச்சுவாக்கில் கேட்டேன். “அவ மாப்பிள்ள லோடு ஏத்துன காலத்துல நல்லாச் சம்பாதிச்சாரு. எதாச்சும் சேர்த்து வச்சிருப்பாக, யாரு கண்டா” என்றாள். யார் கண்டார்கள் என்ற அந்த விடையை வைத்துக்கொண்டு மேலும் ஒரு மாதம் கடத்தினேன்.

ஜெய்த்தூன் இரண்டு முறை வந்தார். முதல் முறை, “என்னோடது வந்துருச்சாம்மா?” என்று கேட்டார். பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றேன். இரண்டாம் முறை வாசல்படியிலேயே நின்றார். வேலை முடிந்து நேராக வந்திருக்கிறார், சேலையெல்லாம் பொடி. உள்ளே வந்தால் பாய் அழுக்காகும் என்று வரவில்லை.

“சீசன் ஆரம்பிச்சுட்டாகம்மா. போர்மேன் அட்வான்ஸ் தர்றேன்கிறாரு. வாங்கிட்டா தீவாளி வரைக்கும் நிக்க முடியாது, போய்த்தான் ஆகணும். மெஷினு வர்ற மாதிரி இருந்தா நான் வாங்காம இருந்துக்கிருவேன். அதான் ஒங்கள ஒரு வார்த்த கேட்டுட்டுப் போகலாம்னு.”

கேள்வி இவ்வளவு தெளிவாக என் முன்னால் நின்றது. உங்களுக்கும் ஒருநாள் இப்படி நிற்கும். அப்போது மேசையில் நான் மட்டும் இருந்தேன். மகளுக்குக் காய்ச்சல், அவசரமாக வீட்டுக்குப் போக வேண்டும் என்றேன். அதோடு என்ன சொன்னேன் என்பது எனக்கு எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது.

“எதுக்கும் இருக்கட்டும், அட்வான்ஸ் வாங்கிக்கங்க.”

“சரிம்மா” என்று போய்விட்டார்.

இந்த ஊரில் பெரிய சத்தம் கேட்டால் என்ன சத்தம் என்று யாரும் கேட்பதில்லை. எந்தப் பக்கம் என்றுதான் கேட்பார்கள். சீசன் உச்சத்தில் இருந்தபோது ஒரு முற்பகல் ஜன்னல் கம்பி அதிர்ந்தது. மாடிக்குப் போய்ப் பார்த்த என் கணவர், “விஸ்வநத்தம் பக்கம் பொகை தெரியுது” என்றார். நான் அடுப்பை அணைத்துவிட்டுப் பதிவேட்டை எடுத்தேன். எதற்கு எடுத்தேன் என்று தெரியவில்லை. அதில் பார்க்க என்ன இருந்தது?

ஜெய்த்தூன் அறையில் வேலை பார்த்த மற்ற இருவரும் அங்கேயே இறந்துபோனார்கள். ஒருத்தி அவருடைய லைன் வீட்டுக்காரி, முனியம்மாள். ஜெய்த்தூன் வாசல் பக்கம் உட்கார்ந்திருந்ததால் உயிர் இருந்தது. மதுரை ஆஸ்பத்திரியில் நானும் செயலாளர் அண்ணனும் போய்ப் பார்த்தோம். கொசுவலைக்குள் இரண்டு கைகளையும் தலையணை மேல் தூக்கி வைத்திருந்தார்கள். சுற்றியிருந்த துணியை மீறி விரல்கள் எங்கே முடிகின்றன என்று தெரியவில்லை.

“அவுக ஒரே பக்கமாக் கெடப்பாக. யாரையாச்சும் திருப்பி விடச் சொல்லுங்கண்ணே” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “அட்வான்ஸத் திருப்பிக் கேப்பாகளாம்மா?” என்றார்.

கேட்க மாட்டார்கள் என்று அண்ணன் சொன்னார். இந்த வரியை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதுகிறேன். அந்தக் கொசுவலைக்கு வெளியே நின்றுகொண்டு நான் நினைத்தது, அந்த மாலையை விற்றால் வைத்தியத்துக்கு ஆகுமே, ஏன் இன்னும் மறைக்கிறார் என்பதுதான்.

வைத்தியத்துக்கு நம் நிதியிலிருந்தே கொடுத்தார்கள். அண்ணன் யாரையும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். முனியம்மாள் வீட்டுக்கு ஜகாத்தில் கொடுக்க வழியில்லை, பொதுத் தர்மக் கணக்கிலிருந்து போனது. எனக்குள் அந்தக் கேள்வி அப்படியே இருந்தது.

அடுத்த ரமலான் வந்தது. பேப்பர் ஸ்டோர் அக்கா பெட்டியோடு வந்தார். மாங்காய் மாலையை எடுத்துத் தராசில் வைத்தேன். வேறு கல் உதிர்ந்திருக்கிறதா என்று பார்க்க வழக்கம்போலத் திருப்பினேன். அரக்கு வைத்த மாங்காய் மேலே வந்தது. பந்தியில் ஜெய்த்தூன் தலைப்பை இழுத்தபோது கடைசியாக மறைந்ததும் இதே மினுங்காத மாங்காய்தான்.

அந்த மாலையை அதற்குமுன் இரண்டு முறை பார்த்திருக்கிறேன் என்பது அப்போதுதான் விளங்கியது. தராசில் ஒருமுறை. பந்தியில் ஒருமுறை. தராசில் பார்த்ததைக் கொடுப்பவர் கணக்கில் எழுதினேன். பந்தியில் பார்த்ததை வாங்குபவர் கணக்கில் எழுதினேன். நானே நிறுத்த நகை, எனக்கு அடையாளம் தெரியவில்லை.

“அக்கா, இது கல்யாணத்தன்னைக்கு…”

“அதுவா? ஜெய்த்தூன் கழுத்துல நாந்தான் போட்டு விட்டேன். நாலு நாளா வந்து வேலை பார்த்தா பாவம். நிக்காஹ் அன்னைக்கு வெறுங்கழுத்தோட ஓரமா நின்னா. எம் புள்ள கல்யாணத்துல எங்கூட நிக்கிறவ அப்பிடி நிக்கலாமா? வேண்டாம்க்கா, வேண்டாம்க்கான்னா. அடி, சும்மா போடுன்னு நாந்தான் மாட்டி விட்டேன். பந்தி முடிஞ்ச கையோட கழட்டிக் குடுத்துட்டா.” என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஏம்மா, எரவல் குடுத்தா ஜகாத்து மாறிப்போகுமா?” என்றார்.

“இல்லக்கா. உங்க நகைதான். நீங்கதான் கொடுக்கணும்.”

நம் வீடுகளில் யார்தான் இரவல் நகை போடவில்லை? என் கல்யாணத்துக்கு என் அத்தையின் ஒட்டியாணத்தை இரவல் வாங்கிப் போட்டிருந்தேன். அதை மூச்சு விடாமல் கட்டிக்கொண்டு நின்ற எனக்கு, இன்னொருத்தி கழுத்தில் பார்த்தபோது அது தோன்றவே இல்லை. ஏழை மனுவில் கையெழுத்துப் போடுகிற கண்ணால் பார்த்தேன், அவ்வளவுதான்.

அன்று அசர் தொழுகைக்குப் பிறகு ஹஜ்ரத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உடனே ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன் போலும்.

“நல்லா விசாரிச்சு, மனசு ஒப்பிக் குடுத்துட்டோம்னு வையிங்க. பெறகு அவுக வசதியானவுகன்னு தெரியுது. அப்பவும் குடுத்தவுக ஜகாத்து நிறைவேறிரும்மா. சட்டத்துலயே அம்புட்டு எடம் இருக்கு. நீங்க அதுக்குப் பயந்திருக்கவே வேண்டாம்” என்றார். பிறகு, “உரியவுகளுக்குக் குடுக்காம வச்சிருந்த நாளுக்குத்தான் என்ன பதில்னு எனக்குத் தெரியல” என்றார்.

நான்கு வருடம் அந்த மேசையில் இருந்தும் முதல் பாதியை அவரிடம் நான் கேட்டதே இல்லை. தங்கத்துக்கு எண்பத்தைந்து கிராமா, எண்பத்தேழரையா என்று மட்டும் வருடந்தோறும் கேட்டிருக்கிறேன்.

மறுநாள் ஜெய்த்தூன் வீட்டுக்குப் போனேன். தண்ணீர்ச் செம்பை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார். விரல்கள் உள்ளங்கையோடு மடிந்து ஒட்டியிருந்தன. நோன்பு நாள், எனக்கு எதற்குத் தண்ணீர்? பழக்கத்தில் கொண்டுவந்துவிட்டார். நான் மாலையைப் பற்றிச் சொன்னேன். ‘சரிபார்க்க’ என்று எழுதியதைச் சொன்னேன். அட்வான்ஸ் வாங்கிக்கொள்ளச் சொன்னது நான் என்பதை அவருக்கே நினைவூட்டினேன்.

முதலில் அவர் சிரித்தார். “அந்த மாலையவா? அது கெடந்த நேரமெல்லாம் இன்னொரு கல்லு விழுந்து தொலைச்சிருமோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். அன்னைக்குப் பிரியாணி கூட ஒளுங்காத் திங்கல. ஒங்களப் பார்த்ததும் இவுக என்ன நெனப்பாகளோன்னு வெக்கமாப் போச்சு. அதான் மூடுனேன்.”

பிறகு சிரிப்பு நின்றது.

“வாசல்ல நின்னு கேட்டேன்லம்மா. அப்ப இதுதான் சந்தேகம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அக்காவக் கையப் பிடிச்சு இளுத்துட்டு வந்திருப்பேன். அங்கனதான இருக்காக, பத்து வீடு தள்ளி.”

கட்டிலில் அவர் கணவர் சுவரைப் பார்த்துக் கிடந்தார். தூங்கவில்லை. மெஷின் வாங்கித் தருகிறோம் என்று சொல்ல வாய் எடுத்தேன். ஜெய்த்தூன் கைகளைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். மாதம் ஒரு தொகை முடிவானது. அது போய்க்கொண்டிருக்கிறது, நீங்களும் விடாமல் கொடுங்கள். கிளம்பும்போது ஜெய்த்தூன், “பாப்பாவுக்குக் காய்ச்சல்னீகளே அன்னைக்கு, சரியாப் போச்சா?” என்று கேட்டார். ஒன்பது மாதத்துக்கு முந்தைய காய்ச்சல்.

அதற்குப் பிறகும் இரண்டு ரமலான் உட்கார்ந்தேன். மாறிவிட்டேன் என்று எழுத ஆசை. சந்தேகம் வந்தால் அன்றே நேரில் கேட்டுவிடுவேன் என்று ஹஜ்ரத் முன்னால் சொன்னேன், பெரும்பாலும் அப்படித்தான் செய்தேன். ஆனால் குணம் அவ்வளவு சுலபமாக விடவில்லை. சந்தேகத்தைத் தூக்கிக்கொண்டு அலைவதுதான் பொறுப்பு என்று எனக்குள் எங்கோ பதிந்திருக்கிறது. விலகுவதற்கு மீதிக் காரணம் அதுதான். பதிவேட்டின் நடுவில் ஜெய்த்தூன் பக்கத்தை நான் கிழிக்கவில்லை, அந்தச் சொல்லை அடிக்கவும் இல்லை. போய்ப் பாருங்கள்.

பார்த்துவிட்டுக் கடைசிப் பக்கத்துக்கு வாருங்கள். பதினான்காம் எண். கணவரை இழந்தவர், ஆனைக்குட்டம் போகும் வழியில் வீடு, மாவு அரைக்கும் கிரைண்டர் கேட்டிருக்கிறார். வீட்டின் மேல் அவருக்குப் பங்கு இருப்பதாக ஒருவர் சொன்னார். நான் அங்கேயும் ‘சரிபார்க்க’ என்று எழுதினேன். மறுநாளே போய்க் கேட்பதாக இருந்தேன். அன்று இரவே வலி எடுத்துவிட்டது.

மூன்று நாளாக அவருக்குப் போன் செய்கிறேன். பகல் முழுவதும் எடுப்பதில்லை, இரவில் போன் அணைந்து கிடக்கிறது. பயர் ஆபீஸுக்குள் போன் கொண்டுபோக விட மாட்டார்கள், வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் அவர் எங்கே வேலைக்குப் போகிறார் என்பது மட்டும் எனக்குத் தெரிந்துவிட்டது.

என்னால் படி தாண்ட முடியாது. செயலாளர் அண்ணனிடம் சொல்லிவிட்டேன், உங்களில் இருவர் கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறார். கணக்குத் தாளைப் பிறகு படித்துக்கொள்ளலாம். இன்று சனிக்கிழமை. நாளை அவர் வீட்டில் இருப்பார். வீட்டில் பங்கு உண்டா என்று அவர் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். அவர் சொல்வதைக் கேட்டு, அங்கேயே முடிவு செய்யுங்கள். பயர் ஆபீஸுக்கு ஆள் ஏற்றும் வேன் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அந்த முக்குக்கு வரும்.